குதிகாலில் ஒரு குண்டூசி

டாக்டர் பால் பிராண்ட் ஒரு இரவு முழுக்கக் கண் மூடவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகால்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டுப் பயணம் ஒன்றின் கடைசியில், இங்கிலாந்தில் நெடுநேரம் ரயிலில் உட்கார்ந்து வந்து, உடம்பும் சரியில்லாமல், அறைக்குள் நுழைந்து காலுறையைக் கழற்றினார். குதிகாலின் ஒரு பக்கத்தில் உணர்ச்சியே இல்லை. குண்டூசியை எடுத்துக் கணுக்காலுக்குக் கீழே குத்தினார். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாக அழுத்தினார். ரத்தம் துளிர்த்தது, வலி மட்டும் வரவில்லை.

அவருக்குத் தெரியாத அறிகுறியா அது? நூற்றுக்கணக்கான பாதங்களில் அவரே பார்த்ததுதான். தொழுநோயைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொன்ன மனிதர், அன்று இரவு மனைவி மக்களைப் பிரிந்து எப்படி வாழப்போகிறோம் என்று கணக்குப் போட்டபடி கிடந்தார். விடிந்ததும் மறுபடி அதே இடத்தில் ஊசியைக் குத்தினார். சுரீரென்று வலித்தது. அலறியே விட்டார். ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததில் ஒரு நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார் பிராண்ட். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் அந்த நன்றியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1914இல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி இல்லாததால் சூடுபட்டும் வெட்டுப்பட்டும் புண்ணாகிப் போகின்றன என்பதை வேலூரில் நிலைநாட்டினார். இரவில் தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்தாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை. அதற்காகவே வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் பூனைக்குட்டி கொடுத்து அனுப்பினார்கள். இந்த மருத்துவக் கண்டுபிடிப்பிலிருந்து ஓர் இறையியலும் பிறந்தது: வலி என்பது யாரும் விரும்பாத, ஆனால் கடவுள் தந்த வரம். பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993இல் அவர் எழுதிய நூல் முழுக்க இதைத்தான் சொல்கிறது. வலியே இல்லாத உடம்பு என்னவாகும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொன்னது என்பதால் அதை லேசில் தள்ளிவிட முடியாது.

பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் இருந்தபோது செயற்கையாக வலியை உண்டாக்கவும் முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் உணர்கருவிகளைப் பொருத்தி, அழுத்தம் கூடினால் ஒலி எழும்படி செய்தார்கள். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. மின்சாரம் சுள்ளென்று தாக்கும்படி மாற்றினார்கள். முரட்டு வேலை செய்ய வேண்டி வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. வலி பயன்படுவதே, அதை அணைக்கும் சுவிட்ச் நம் கையில் இல்லாததால்தான் என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார்.

எச்சரிப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் வலி வந்தால் இந்த இறையியல் என்ன சொல்லும்? வாசலில் ஆளே இல்லாமல் ராத்திரி முழுக்க அடிக்கிற காலிங் பெல்லை வரம் என்று சொல்ல முடியுமா?

பாத நரம்பு நோயோடு வாழ்கிறவர்களின் கேள்வி இதுதான். உள்ளங்கால் எரிகிறது, தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. எறும்பு ஊர்கிறது, எறும்பு இல்லை. வெறுங்காலோடு நிற்கிறார், காலுறை போட்டிருப்பதுபோல் மதமதவென்று இருக்கிறது. பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்பார்கள் சிலர். திடீர் திடீரென்று ஷாக் அடிக்கிறது என்பார்கள் வேறு சிலர். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி போன பிறகு திரும்பிப் பார்ப்பவர்கள் உண்டு. பகலில் வேலை மும்முரத்தில் அடங்கியிருப்பது, விளக்கை அணைத்துப் படுத்ததும் கிளம்பும். போர்வையின் ஓரம் விரலில் பட்டாலே பொறுக்காது. அதே பாதத்தில் முள் குத்தினால் தெரியாமலும் போகலாம். எரிச்சலும் மரத்துப்போதலும் ஒரே காலில் சேர்ந்து குடியிருப்பதுதான் இந்த நோயின் விசித்திரம்.

காரணங்களின் பட்டியல் நீளமானது. இந்தியாவில் முதலில் சந்தேகப்படுவது சர்க்கரையை. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக ஐ.சி.எம்.ஆர் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பிறகு பி12 குறைபாடு, தைராய்டு, மது, தொழுநோய், சில புற்றுநோய் மருந்துகள், ரத்தத்தில் வேண்டாத புரதம். ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள். எல்லாம் கழிந்த பிறகும் நால்வரில் ஒருவருக்கோ மூவரில் ஒருவருக்கோ காரணம் பிடிபடுவதில்லை. வழக்கமான நரம்புக் கடத்தல் சோதனை பருமனான நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். சூட்டையும் வலியையும் சுமப்பவை மெல்லிய இழைகள். அவை மட்டும் கெட்டிருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை எடுத்து, அதிலுள்ள நரம்பு நுனிகளை எண்ணினால்தான் குறை தெரியும். அந்தச் சோதனை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அதில் குறை தெரிந்தாலும், கெட்டது எது என்று தெரியுமே தவிர ஏன் கெட்டது என்று தெரியாது.

ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்ததும் அடுத்த கட்டம். எல்லாம் நார்மல்தானே, அப்புறம் என்ன என்பார்கள். வலியைப் பற்றி 1985இல் எழுதிய எலேன் ஸ்காரி, வலி உள்ளவருக்கு அதைவிடச் சந்தேகமற்ற விஷயம் வேறில்லை, அதைக் கேட்பவருக்கோ அதைவிடச் சந்தேகத்துக்குரியது வேறில்லை என்ற பொருளில் வாதிடுகிறார். போதாததற்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் மாத்திரையைப் பற்றிப் படித்துப் பார்த்தால் மனச்சோர்வுக்கு என்று இருக்கும். நரம்பின் வலிச் செய்தியை மட்டுப்படுத்தக் குறைந்த அளவில் கொடுக்கப்படுவது அது. ஆனால் வாங்கியவர், மனசுதான் காரணம் என்று டாக்டரும் முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது என்று நொந்துபோவார்.

ஏறக்குறைய இதே சிக்கலில் 1641லேயே ஒருவர் மாட்டிக்கொண்டார். பாதத்திலிருந்து மூளைவரை ஒரு கயிறுபோல நரம்பு ஓடுகிறது, அதை நடுவில் எங்கே இழுத்தாலும் பாதத்தில் வலிப்பதாகவே மனம் உணரும் என்று தன் 'தியானங்கள்' நூலின் கடைசிப் பகுதியில் ரெனே டெகார்ட் எழுதினார். அவருக்கு இது வெறும் உடற்கூறு விஷயமல்ல. கடவுள் நல்லவர், ஏமாற்றாதவர் என்பதன் மேல்தான் தன் அறிவுக் கட்டடம் முழுவதையும் எழுப்பியிருந்தார். நல்ல கடவுள் படைத்த உடம்பு, ஒன்றுமில்லாத பாதத்தில் வலிக்கிறது என்று பொய் சொல்வது எப்படி? டெகார்ட்டின் பதில்: பெரும்பாலான சமயம் வலிக்குக் காரணம் பாதத்தில்தான் இருக்கும், அதனால் இந்த ஏற்பாடே இருப்பதில் சிறந்தது, எப்போதாவது நேரும் பிழை தவிர்க்க முடியாதது. பொறியாளருக்கு இது நியாயமாகப்படும். அந்தப் பிழையே தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு வந்து எழுப்புகிறவரிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கயிற்றின் முடிச்சுகளில் ஒன்றை இந்த நூற்றாண்டில் கண்டுபிடித்தார்கள். வலி நரம்பில் சோடியம் புகும் வாசல் ஒன்றை உண்டாக்கும் மரபணுவின் பெயர் எஸ்சிஎன்9ஏ. வடபாகிஸ்தானில் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன் கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், நெருப்புக் கங்கின் மேல் நடப்பான், வலியே தெரியாது. சுமார் 14 வயதில் வீட்டுக்கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களில் அந்த மரபணு வேலை செய்யவில்லை என்று 2006இல் கண்டறிந்தார்கள். அதே மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தால் பாதங்கள் சிவந்து தீயாய் எரியும் என்பது 2004லேயே தெரிந்திருந்தது. காரணம் தெரியாத மெல்லிழை நரம்பு நோய் என்று ஒதுக்கப்பட்ட 28 பேரை ஆராய்ந்ததில் 8 பேருக்கு இதே மரபணுவில் மாற்றம் இருப்பது 2012இல் தெரிந்தது. ஒரே வாசல் மூடிக்கொண்டால் தீயில் நடக்கலாம், திறந்தே கிடந்தால் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டும் எரியலாம். இதில் வரம் எது, சாபம் எது என்று பிரிப்பது பிராண்டுக்கே கஷ்டமாக இருந்திருக்கும்.

மருத்துவர் விட்ட வெற்றிடத்தை நிரப்ப ஊரில் ஆள் பஞ்சம் இல்லை. ஜோசியரிடம் போனால் பாதச் சனி தயாராக இருக்கிறது. போன ஜென்மத்து வினை என்பார் பெரியவர் ஒருவர். விசுவாசம் போதவில்லை என்பார் ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப்போனவர். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. காரணம் தெரியாத துன்பத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனிதரால் முடிவதில்லை. ஆனால் எந்த மதத்தின் பேரால் இந்தக் காரணங்கள் சொல்லப்படுகின்றனவோ, அந்த மதங்களின் மூல நூல்கள் இவ்வளவு அவசரப்படவில்லை.

ராஜகிருகத்து மூங்கில் வனத்தில் புத்தர் இருந்தபோது சீவகன் என்ற பரிவிராஜகர் வந்து கேட்டதாகச் சம்யுத்த நிகாயத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. மனிதர் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாமே முன்வினைப் பயன் என்று சில துறவிகள் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள்? புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கலந்தது, பருவமாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாதது, வெளியிலிருந்து வந்த தாக்குதல். வினைப்பயன் எட்டாவதாக, கடைசியில் வருகிறது. எல்லாமே வினை என்பவர்கள் தாங்களே அறிந்ததையும் மீறிப் போகிறார்கள், உலகம் உண்மையென்று ஏற்றதையும் மீறிப் போகிறார்கள் என்கிறார். வினைக் கோட்பாட்டை ஏற்ற ஒருவர் சொன்ன பதில் இது. வினை இல்லை என்று அவர் சொல்லவில்லை. இந்த வலி அந்த வினையால் வந்தது என்று சொல்ல உனக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்கிறார்.

அவர் பாதமும் வலித்திருக்கிறது. பாறைச் சில்லு ஒன்று காலைக் கிழித்துக் கடும் வேதனை தந்தது என்றும், அவர் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்துப் பொறுத்துக்கொண்டார் என்றும் பழைய சூத்திரம் சொல்கிறது. காரணம் எதையும் அது சேர்க்கவில்லை. பின்னால் வந்த அபதானம் என்ற நூல் சேர்த்தது. முற்பிறவி ஒன்றில் சொத்துக்காகத் தம்பியைப் பாறையால் நசுக்கிக் கொன்ற பாவம் என்று கதை எழுதியது. புத்தரின் காலுக்கே காரணம் கண்டுபிடிக்காமல் விட மனசு வரவில்லை!

தமிழில் இதற்கு இணை அப்பர். அவருடையது வயிற்றில் வந்த சூலை, நரம்பு நோய் அல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான். சேக்கிழாரின் பெரியபுராணத்தைப் படிக்கிறவருக்குச் சூலை ஏன் வந்தது என்பது தெரியும். சமணத்தில் இருந்த தம்பியை மீட்டுத் தரும்படி திலகவதியார் வேண்ட, ஆட்கொள்வதற்காக இறைவனே தந்தது. இது 12ஆம் நூற்றாண்டுப் புராணம் தரும் காரணம். ஏழாம் நூற்றாண்டில் திருவதிகையில் நின்று பாடியவருக்கு அது தெரிந்ததாகத் தேவாரத்தில் தெரியவில்லை. அந்த முதல் பதிகத்தில் அவர், தான் செய்த கொடுமை என்னவென்று அறியேன் என்கிறார். ஏன் தந்தாய் என்று வழக்காடுவதைவிட, தாங்க முடியவில்லை, விலக்கு என்று கேட்பதுதான் அதில் ஓங்கி ஒலிக்கிறது. நோயாளியின் பாட்டுக்கும் நோயாளியைப் பற்றிய கதைக்கும் உள்ள வித்தியாசம் இது. வயிற்றுவலி வந்தால் சைவர்கள் இன்றும் ஓதுவது கதையை அல்ல, பாட்டை.

யோபுவின் புத்தகத்திலும் அதே ஏற்பாடு. உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொப்புளங்களோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவுக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரியும்: பரலோகத்தில் சாத்தானோடு நடந்த பேச்சு. கடைசிவரை கடவுள் அதை யோபுவிடம் சொல்வதே இல்லை. பெருங்காற்றிலிருந்து பேசுகிறார், கேள்வி மேல் கேள்வி கேட்கிறார், பதில் மட்டும் தருவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் என்று அத்தியாயம் அத்தியாயமாக விளக்கிய நண்பர்கள் தன்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபிக்கிறார். அந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

காரணம் தெரியவில்லை என்பதும் காரணம் இல்லை என்பதும் வேறு வேறு. இதற்குப் பாத எரிச்சலின் வரலாறே சாட்சி. 1826இல் கிரியர்சன் என்ற மருத்துவர் இந்நாட்டு மக்களின் பாதங்களில் வரும் எரிச்சலைப் பற்றிக் கல்கத்தா மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் எழுதினார். காரணம் தெரியவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிக்கிச் சாங்கி, ஹாங்காங் முகாம்களில் அடைபட்ட நேச நாட்டுச் சிப்பாய்களுக்கு அது வந்தது. இரவெல்லாம் வாளித் தண்ணீரில் காலை நனைத்தபடி உட்கார்ந்திருப்பார்கள், தாளாமல் எழுந்து நடப்பார்கள். ஹேப்பி ஃபீட் என்று அதற்குக் கசப்பான ஒரு கேலிப்பெயரும் வைத்தார்கள். 1946இல், சேலத்தில் பிறந்து பிற்காலத்தில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநரான சி. கோபாலன், இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் தன் ஆய்வை வெளியிட்டார். பி வைட்டமின்களில் ஒன்றான பான்டோதெனிக் அமிலத்தைக் கொடுத்தபோது எரிச்சல் தணிந்தது என்றார். ஒரு வைட்டமின் மட்டுமா, பலவற்றின் குறையா என்ற விவாதம் பிறகும் தொடர்ந்தது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது: தட்டில். கிரியர்சன்–கோபாலன் நோய் என்று இன்றும் மருத்துவ அகராதிகளில் அதற்குப் பெயர்.

1826க்கும் 1946க்கும் நடுவில் எரிந்த கால்கள் எல்லாம் கற்பனையில் எரிந்தனவா? அந்த 120 வருஷத்தில் எத்தனை பேருக்கு முன்வினை என்று சொல்லியிருப்பார்கள்! கடைசியில் கிடைத்த காரணம் சங்கடமானது. ஏழையின் சோற்றிலும் கைதியின் ரேஷனிலும் சத்து இல்லை. வினை என்ற சொல்லையே வைத்துக்கொண்டாலும் வினை செய்தவன் நோயாளி அல்ல, அளந்து போட்டவன். கியூபாவில் 1991 முதல் 1993 வரை 50,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கண் நரம்பும் கால் நரம்பும் கெட்டன. சோவியத் உதவி நின்று உணவு சுருங்கிய வருஷங்கள் அவை. நாட்டு மக்கள் எல்லோருக்கும் வைட்டமின் மாத்திரை கொடுத்த பிறகுதான் நோய் அடங்கியது.

எல்லாருக்கும் ஒரு கோபாலன் வருவார் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வராதவர்கள் பாடு என்ன? மாலுங்கியபுத்தனுக்குப் புத்தர் சொன்ன அம்பு உவமை பலருக்கும் தெரிந்தது. விஷ அம்பு தைத்தவன், எய்தவன் என்ன குலம், எந்த ஊர், நாண் எதனால் திரித்தது என்பதெல்லாம் தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் செத்தே போவான். பாத நரம்பு நோயாளிக்கு இந்த உவமை பாதிதான் பொருந்தும், ஏனென்றால் பிடுங்கக்கூடிய அம்பாக இது இல்லை. இரண்டு அம்புகளைப் பற்றிய இன்னொரு சூத்திரம் கூடுதலாகப் பொருந்துகிறது. முதல் அம்பு உடம்பின் வலி. இரண்டாவது, அதன் மேல் மனம் தானே எய்துகொள்ளும் புலம்பலும் வெறுப்பும். தியானப் பயிற்சி கற்றுத் தரும் மருத்துவமனைகளில் இன்று இதைத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டாவது அம்பு உன்னுடையது என்பதை நோயாளியிடம் கொஞ்சம் தவறாகச் சொன்னால் அது இன்னொரு குற்றச்சாட்டாகிவிடும்: வலி அல்ல பிரச்சினை, நீ மனசை அடக்கவில்லை, அதுதான் பிரச்சினை. சூத்திரம் அப்படிச் சொல்லவில்லை. ஞானிக்கும் முதல் அம்பு தைக்கும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. முதுகு வலிக்கிறது, நீங்கள் உபதேசம் செய்யுங்கள் என்று சீடரிடம் ஒப்படைத்துவிட்டுப் புத்தரே போய்ப் படுத்த இடங்கள் நிகாயங்களில் உண்டு. வலித்தால் படுத்துக்கொள்ளலாம், அதில் ஞானக்குறைவு எதுவும் இல்லை.

மருத்துவமும் தன் பங்குக்குக் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, திசு சேதமடைந்திருந்தால்தான் வலி என்ற அர்த்தம் வராமல் பார்த்துக்கொண்டது. தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பும் சேர்த்தது. சோதனைத்தாளில் எதுவும் இல்லாதவருக்கு இந்த ஒரு வரி பெரிய விஷயம்.

அன்றாடம் என்று பார்த்தால் செய்ய வேண்டியவை எளிமையானவை. ராத்திரி கேபாபென்டினோ ப்ரீகாபலினோ டுலாக்செட்டினோ, எது ஒத்துக்கொள்கிறதோ அது. எரிகிறதே என்று ஐஸ்கட்டியில் காலை வைக்கக் கூடாது, உணர்ச்சி குறைந்த தோல் குளிரிலும் வெந்துபோகும். மொட்டை மாடியில் மதிய வெயிலில் வெறுங்காலோடு துணி உலர்த்தப் போகக் கூடாது. கோயில் பிராகாரத்துக் கல் தரையைக் காலை ஏழு மணிக்குள் சுற்றிவிடுவது நல்லது. படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துவிட வேண்டும். நரம்பியல் மருத்துவர் ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை வரச் சொல்வார். அப்போது சர்க்கரைக் கரைசல் குடித்துச் செய்யும் சோதனை, பி12, ரத்தப் புரதம் எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பார்கள். முதல் தடவை தப்பிய காரணம் அப்போது சிலருக்குப் பிடிபடுவதுண்டு. பலருக்குக் கோப்பில் காரணம் தெரியவில்லை என்ற வரி அப்படியே இருக்கும். அந்த வரியோடு வாழ்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நோய் மெதுவாகவே நகர்கிறது. பத்து வருஷம் கழித்தும் அவர்களில் அநேகர் தங்கள் காலாலேயே நடந்துதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.